கீறலுக்கு இரண்டாம் சாட்சி

கார்னார்வன்,
18 பிப்ரவரி 1996

அன்புள்ள தம்பி மத்தீஸ்,

நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். நீயும் லீனாவும் அப்படித்தான் என்று கேட்கவே பேனாவை எடுத்தேன். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? போன திருவிருந்துக்கு வந்தபோது காபியில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினாய். எல்லார் முன்னாலும் எதற்கு என்று அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்கு ஏறவில்லை, எனக்குப் பொறுமை ஏறவில்லை. இரவில் கோழிக்கூட்டுப் பக்கம் என் தொலைநோக்கிப் பீரங்கியை உருட்டிக்கொண்டு போய் வைத்தால்தான் மனது அடங்குகிறது. நம் கீறல் மறுபடி கிழக்கே ஏறிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் டோர்த்தியா அதைப் பார்க்க வந்தாள். தொலைநோக்கிக்குள் ஒரு நிமிடம் பார்த்தாள். "இதுக்குத்தான் கொசுக்கடியில நிக்க வச்சியா? யாரோ நகத்தால கீறின மாதிரி இருக்கு" என்றாள். கோடானுகோடி நட்சத்திரங்கள் சுருள் சுருளாகச் சுற்றும் பெரிய சக்கரம் அது, நமக்கு விளிம்பு மட்டும் தெரிகிறது, சாப்பாட்டுத் தட்டைக் கண்மட்டத்தில் பிடித்துப் பார் என்று விளக்கினேன். "தட்டைப் பாக்கணும்னா அடுப்படியிலேயே பாத்திருப்பேனே" என்று போய்விட்டாள். நேராக முறைத்தால் மங்கலானது மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார் என்று சொல்லக்கூட விடவில்லை.

இந்த வருடம் நிலவில்லாத வாரமெல்லாம் இருவரும் கீறலைப் பார்ப்போம். விதி பழையதுதான். புதிதாக ஏதாவது தெரிந்தால், தெரிந்தது என்ன என்று மற்றவருக்குச் சொல்லக் கூடாது. அவரும் பார்த்து, வரைந்து அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கேப்டவுன் வானியல் சங்கத்துக்குச் செய்தி. 1989-ல் தெற்கு முனைக்குக் கீழே புது நட்சத்திரம் என்று நான் துள்ளினேனே! நீ பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணும் இல்ல, உன் வில்லைய மாத்து" என்று எழுதினாய். பக்கத்திலிருந்த பெரிய நட்சத்திரத்தின் ஒளி என் மலிவு வில்லைக்குள் எதிரொளித்த பேய்ப்புள்ளி அது. நீ இல்லாவிட்டால் சங்கத்தில் என் பெயர் நாறியிருக்கும்.

லீனாவுக்கு என் முத்தம்.
உன் அக்கா,
ட்ரீகா


வில்லிஸ்டன்,
10 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம், ஆடுகள் நலம், உன் முழங்காலுக்கு எங்கள் விசாரிப்பு. காபியில் நான் போட்டது இரண்டரைக் கரண்டி. கணக்கு டீச்சர் கணக்கில் தப்பு பண்ணக் கூடாது.

லாரியில் பெரிய கூத்து நடக்கிறது. ஞாயிறு சாயங்காலம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளி விடுதிக்குக் கொண்டுவருகிறேன் அல்லவா? அவர்களுக்கு ஒரு புது விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன். யார் முதலில் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு மிட்டாய். இப்போது வழி முழுக்க, "மாமா, கேட்டு! மாமா, இடது பக்கம்! மாமா, கழுதை வண்டி!" என்று ஒரே கத்தல். எல்லா மிட்டாயும் ஃப்ரான்ஸீனாவுக்குத்தான் போகிறது. பதினொரு வயதுக்கு அவளுக்கு ஏலக்காரன் தொண்டை.

லீனாவும் இப்போது முன் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து என்மேல் காதல் திரும்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உன் மூஞ்சிக்காக ஒண்ணும் வரல, ரோட்டுக்காக வர்றேன்" என்கிறாள். முன்கண்ணாடி மணல் அடித்துத் தேய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் பாலுக்குள் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறேன். கிளினிக் நர்ஸ் கண்ணைக் கிம்பர்லி ஆஸ்பத்திரியில் காட்டு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். கம்பளி வெட்டு முடியட்டும், போகலாம்.

கீறலை இன்னும் பார்க்கவில்லை. இங்கே மேகம்.

உன் தம்பி,
மத்தீஸ்


கார்னார்வன்,
21 ஏப்ரல் 1996

அன்புள்ள தம்பி,

நலம், நலம். மற்றதெல்லாம் பிறகு.

கீறலைப் பார். உடனே பார். மூன்று இரவு பார்த்துவிட்டேன், வில்லை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் ஒரு எழுத்து எழுத மாட்டேன். நீ பார்த்ததை வரைந்து அனுப்பு. டோர்த்தியாவிடம் மட்டும் சொன்னேன். "சீக்கிரம் தபால்ல சேரு, நீ எழுதறதுக்குள்ள அது அணைஞ்சிடப் போகுது" என்றாள். நான் எது என்று சொல்லவே இல்லை, எரிகிற பொருள் என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். நீ இந்த வரியைப் படிக்காத மாதிரி இரு.

சங்கத்துக்குத் தந்தி கொடுக்காமல், பீரங்கியையும் தொடாமல் உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷி இப்படி முகம் சிவந்து நிற்கலாமா?

அக்கா


வில்லிஸ்டன்,
12 மே 1996

அன்புள்ள அக்கா,

பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். லாரிக்கு ஸ்பிரிங் உடைந்தது, லீனாவுக்குச் சளி. இப்போது இருவரும் நலம், உனக்கும் அதுவே வேண்டுகிறோம்.

கீறலைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பீரங்கியோடு நின்றேன். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கீறலின் நடுவே ஓடும் கறுப்புத் தூசிப்பட்டைகூட இழை பிரிந்து தெரிந்தது. வழக்கமான நட்சத்திரங்கள்தான். புதிதாக ஒன்றும் இல்லை. படம் வைத்திருக்கிறேன்.

வருத்தப்படாதே. இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது.

மத்தீஸ்


கார்னார்வன்,
20 மே 1996

அன்புள்ள தம்பி,

படம் வந்தது. உறையைப் பிரித்ததும் என் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் கண் போனது. அங்கே வெறும் காகிதம். படத்தை டிராயரில் போட்டேன்.

வில்லை மேல் இந்த முறை சந்தேகம் இல்லை, நல்ல வில்லை. என் கண்மேல்தான் சந்தேகம். கண்ணாடிக் கடைக்காரர் சோதித்துவிட்டு, "டீச்சர், உங்க கண்ணு கழுகுக்கண்ணு" என்றார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சங்கத்துக்கு எழுதவில்லை. மறுபடி பார்க்காமலே பீரங்கியை மூடிவிட்டேன். இந்த வருடம் போதும்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. மறுபடியும் என் மானத்தைக் காப்பாற்றினாய்.

அக்கா


கார்னார்வன்,
23 ஜூன் 1996

மத்தீஸ்,

நீ நலமா என்று கேட்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. கீறலில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணைக்காரர் ஏப்ரல் கடைசியில் கண்டு அறிவித்திருக்கிறார். நான் பார்த்தது அவருக்கு முந்தின வாரம். நான் பார்த்த அதே இடம். மே நடுவில்தான் அது மிகப் பிரகாசமாக இருந்ததாம், சின்னத் தொலைநோக்கியிலேயே தெரிந்ததாம். நீ பீரங்கியோடு ஒரு மணி நேரம் நின்ற வாரம் அது! தூசிப்பட்டை இழை பிரிந்து தெரிந்தவனுக்கு அது மட்டும் தெரியவில்லையா?

கல்லூரியில் நாம் இருவரும் ஒரே வாளித் தண்ணீரில் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்த்தோம். என் கண்ணாடி முதலில் முடிந்தபோது நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று மறந்திருந்தேன். பொறாமைக்காரன்கூட நேரில் வந்து கல்லெறிவான். நீ படம் வரைந்து அனுப்பினாய். என் கண்ணையே நான் நம்பாமல் கிடந்தேன், தெரியுமா?

இல்லை என்றால் இல்லை என்று சொல். எனக்கு ஒரு பதில் வேண்டும்.

ட்ரீகா


வில்லிஸ்டன்,
7 ஜூலை 1996

அன்புள்ள அக்கா,

நீ சொன்னது சரி. பொறாமைதான். பார்த்தேன், பார்த்ததை மறைத்தேன். உன் பெயர் பத்திரிகையில் வரும், என்னை லாரிக்காரன் என்பார்கள் என்று வயிறு எரிந்தது. மன்னித்துக்கொள் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

லீனாவின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து லீனா அபிங்டன் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று தெரியவில்லை. பள்ளி திறந்ததும் நான் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். பரவாயில்லை, ஃப்ரான்ஸீனா இருக்கிறாள். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று சிரிக்காதே, பேனா சரியில்லை.

திட்டியாவது எழுது அக்கா. உன் கடிதம் வராவிட்டால் இங்கே பேச ஆள் இல்லை.

மத்தீஸ்


கார்னார்வன்,
14 ஆகஸ்ட் 1996

என் தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை வாரம் வேண்டுமென்றே பதில் போடாமல் இருந்தேன். கஷ்டப்படட்டும் என்று இருந்தேன்.

இன்று காலை கிழித்துப் போடுவதற்காக உன் படத்தை எடுத்தேன். கிழிக்கப் போகும்போது கண்ணில் பட்டது. தெற்கு முனைக்குக் கீழே ஒரு புள்ளி வைத்திருக்கிறாய். அங்கே நட்சத்திரம் கிடையாது மத்தீஸ். அது 1989-ல் என் வில்லைக்குள் விழுந்த பேய்ப்புள்ளி. அது இல்லை என்று எனக்குச் சொன்னவனே நீதான். அன்று உன் பதிலுக்குப் பிறகு நான் அனுப்பிய படத்தின் நகலைத் தேடியெடுத்து, பகலில் உட்கார்ந்து, புள்ளிக்குப் புள்ளி காப்பி அடித்திருக்கிறாய். எது நட்சத்திரம், எது பேய் என்று யோசிக்கக்கூட இல்லை, தடவித் தடவி வைத்திருக்கிறாய். பொறாமைக்காரன் அப்படிச் செய்ய மாட்டான். அவன் வானத்தைப் பார்த்து வரைந்து, ஒரே ஒரு புள்ளியை விட்டிருப்பான்.

உனக்குக் கண் தெரியவில்லை. எப்போதிலிருந்து?

மிட்டாய் விளையாட்டு, லீனாவின் திடீர்க் காதல், தேய்ந்த கண்ணாடி, பெரிய எழுத்து எல்லாம் இப்போது வரிசையாக வந்து நிற்கின்றன. சிரித்துக்கொண்டே படித்தேன், நான் ஒரு முட்டாள். மங்கலானதை ஓரக்கண்ணால் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு உன்னை நேராக முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொறாமை என்றேன், ஆமாம் என்றாய். கொலைகாரன் என்றிருந்தால் அதற்கும் ஆமாம் என்றிருப்பாயா? லைசென்ஸைப் பிடுங்குவார்கள் என்றுதானே கிம்பர்லிக்குப் போகவில்லை?

சாவியைக் கொடுத்துவிடு. தலைமையாசிரியரிடம் நீயே போய்ச் சொல். நான் போன் செய்யலாம், பள்ளிக்கூட எண் என் மேசைமேல்தான் இருக்கிறது. நீயாகச் சொன்னால் தலைநிமிர்ந்து வெளியே வருவாய் என்பதற்காகச் செய்யாமல் இருக்கிறேன். மாதக் கடைசிவரை பொறுப்பேன். பிறகு நானே பேசிவிடுவேன். கண் முழுக்கப் போய்விட்டாலும் என் வீட்டில் உனக்கு ஒரு அறை உண்டு, திட்டு வாங்க ஒரு நாற்காலி உண்டு.

கோபமில்லை. கொஞ்சமும் இல்லை.

அக்கா


வில்லிஸ்டன்,
22 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்காவுக்கு லீனா எழுதுவது.

நலம் விசாரிக்கத் தெம்பில்லை. உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு மழை. பிள்ளைகள் நனையக் கூடாது என்று இவர் லாரியின் பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறார். உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தரைப்பாலத்துக்கு மேல் முழங்காலளவு தண்ணீர். பாலத்தின் நடு என்று நினைத்து இவர் விட்டது ஓரம். லாரி ஆற்றுக்குள் சரிந்தது. ஒன்பது பிள்ளைகளை இவரும் எதிரே வந்த ஒரு பண்ணைக்காரரும் இழுத்துப் போட்டார்கள். கை கால் முறிவோடு தப்பிவிட்டார்கள். ஃப்ரான்ஸீனா தார்ப்பாய்க்குள் சிக்கிக்கொண்டாள். நேற்று அடக்கம் செய்தோம். நான் அபிங்டனிலிருந்து வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பையன் போலீஸ்காரரிடம், "தார்ப்பா கட்டியிருந்துச்சு சார், அதான் எங்களால மாமாவுக்குச் சொல்ல முடியல" என்று அழுதிருக்கிறான். பயத்தில் உளறுகிறான் என்று போலீஸ்காரர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குத் தெரியும் அக்கா. கிறிஸ்துமஸிலிருந்தே தெரியும். கண்ணுக்குள் சிலந்திவலை தொங்குகிறது என்று சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாத, நீ பக்கத்துல இருந்தா போதும்" என்றார். இருந்தேன். அம்மாவுக்காகப் போனேன். அம்மா பிழைத்துக்கொண்டாள்.

லீனா


வில்லிஸ்டன்,
15 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்கா,

நான் சொல்லச் சொல்ல லீனா எழுதுகிறாள். உடம்பு நலம். உன்னுடையதும் அப்படியே இருக்கட்டும்.

அக்டோபர் மூன்றாம் தேதி கோர்ட்டு. வக்கீல் நல்ல மனுஷர். "மழை, இருட்டு, வெள்ளம். யாரா இருந்தாலும் விழுந்திருப்பான்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காம இரு" என்கிறார். எனக்குக் கண் தெரியாது என்றேன். "இப்பத் தெரியல, சரி. அன்னைக்குத் தெரியலைன்னு யாரு கண்டா? புத்திர சோகம் மாதிரி உனக்கு. துக்கத்துல உளறுற" என்கிறார். கிளினிக்கில் நர்ஸ் எழுதிய சீட்டின் நகல்கூட இல்லை. அசலை நான் அடுப்பில் போட்டேன்.

ஃப்ரான்ஸீனாவின் அம்மா அன்னா போன வாரம் வந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். "உனக்கு அன்னைக்குக் கண்ணு தெரிஞ்சுச்சா, தெரியலையா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, போய்விட்டாளோ என்று நினைத்தேன். பிறகு பேசினாள். "ஊரே மழைங்குது. போதகர் கடவுள் சித்தங்கிறார். நீ மட்டும் கண்ணுங்கிற. எம் புள்ள எதனால செத்தாள்னு யாராவது ஒருத்தர் எனக்கு நிச்சயமாச் சொல்லுங்கடா."

என் ஒரு வாய்ச் சொல் போதவில்லை அக்கா. நம் விதி உனக்குத் தெரியும். கோர்ட்டில் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்காதே. நீ வா. படத்தைக் கொண்டு வா. நீ பார்த்ததை மட்டும் சொல். இரண்டும் ஒத்துப்போனால் அவள் நம்புவாள்.

மத்தீஸ்

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன். இனி என் பேச்சு. அக்கா, வராதீங்க. நீங்கள் வராவிட்டால் மழை என்றே தீர்ப்பாகிவிடும் என்று வக்கீல் சொல்கிறார். நீங்கள் வந்தால் இவரை உள்ளே போடுவார்கள். கண் தெரியாத மனுஷனுக்கு அங்கே யார் சோறு எடுத்து வைப்பார்கள்? செத்த பிள்ளை திரும்பியா வரப்போகிறது? உங்கள் காலில் விழுகிறேன். லீனா.


கார்னார்வன்,
20 செப்டம்பர் 1996

அன்புள்ள லீனா,

இதை அவனுக்கும் வாசித்துக் காட்டு. எதையும் விடாதே.

மூடிவைத்த பீரங்கியை நேற்று வெளியே எடுத்தேன். கீறல் மேற்கே இறங்கிவிட்டது, பொழுது சாய்ந்ததும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. புது நட்சத்திரம் அணைந்துவிட்டது. இருந்த இடம் தெரியவில்லை. அதைப் பார்த்தேன் என்று இனி நான் சொன்னால் எவரும் நம்ப வேண்டியதில்லை, எனக்கும் அது இப்போது ஒரு பொருட்டில்லை.

அன்னா கேட்ட கேள்வியை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கெஞ்சலையும் நினைத்தேன். அவனுக்குச் சோறு எடுத்து வைக்க ஆள் வேண்டும் என்பதும் உண்மைதான். ஜெயில் இருக்கிற ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டு, பார்க்க விடுகிற நாளெல்லாம் நான் போவேன். ஆனால் மழை என்று ஒரு தாயிடம் என்னால் சொல்ல முடியாது.

புதன்கிழமைப் பஸ்ஸில் வருகிறேன். படம் இரண்டையும் கொண்டுவருகிறேன், அவன் வரைந்ததையும் என் பழையதையும். கோர்ட்டுக்கு முன்னால் அன்னாவின் வீட்டுக்குப் போவேன். மத்தீஸுக்குக் கண் தெரியவில்லை என்று அவளிடம் சொல்வேன். அதற்குப் பிறகு என்னைப் பற்றியும் சொல்வேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதியே அவன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும், புதன்கிழமை. பள்ளிக்கூட எண் மேசைமேல் இருந்தது. ஞாயிறுவரை இருந்தது. தம்பியின் மானத்துக்காக நான் அதைச் சுழற்றவில்லை.

இதற்கு இரண்டாம் சாட்சி கிடையாது. அவள் என் வாயை மட்டும்தான் நம்ப வேண்டும்.

பஸ் நிற்கிற இடத்துக்கு நீ மட்டும் வா. என்னை அறைய வேண்டும் போலிருந்தால் அங்கேயே அறைந்துவிடு. பிறகு அவள் வீட்டுக்கு வழி காட்டு.

ட்ரீகா